ஐம்பது மில்லிமீட்டர் உயரம்

எடைமேடைக்காரர் நீட்டிய சீட்டில் 3,290 என்று இருந்தது. என் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 3,050 என்று இருக்கும். வண்டி, ஆட்கள், டீசல், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து இதற்கு மேல் ஒரு கிலோகூடப் போகக்கூடாது என்று அதைக் கட்டியவர்கள் சொல்லும் எண். ஜி.வி.எம். என்பார்கள். நான் 240 கிலோ கூடுதல். அதாவது மூன்று பெரிய ஆட்களைக் கூரைமேல் உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்குள் 2,400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். பின்சீட்டில் என் ஆறு வயது மகள் இருந்தாள்.

இத்தனைக்கும் தொலைதூரப் பயணத்துக்கு ஒரு நான்கு சக்கர இயக்க வண்டியில் என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்கிறார்களோ அத்தனையும் செய்திருந்தேன். 50 மில்லிமீட்டர் உயர்த்திய சஸ்பென்ஷன். கனத்த லீஃப் ஸ்பிரிங். அதற்குத் துணையாக ஏர்பேக். தொழிற்சாலை தந்த 80 லிட்டர் டேங்கைக் கழற்றிவிட்டு 140 லிட்டர் டேங்க். முன்னால் இரும்பு பம்பர், விஞ்ச். கூரைமேல் கூடாரம். மொத்தம் 27,000 ஆஸ்திரேலிய டாலர். எங்கள் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டபோது, "செம பில்ட் ப்ரோ" என்று பதினேழு பேர் சொன்னார்கள். ஒருத்தர்கூட, "எடை போட்டுப் பார்த்தியா?" என்று கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

இது ஒரு சண்டைக் கட்டுரைதான், மறைக்க ஒன்றுமில்லை. நாம் செய்துகொள்ளும் இந்த மாற்றங்களில் பெரும்பகுதி, வண்டியைத் தொலைதூரத்துக்குத் தகுதியாக்குவதே இல்லை. இருந்த தகுதியையும் குறைக்கிறது. கடைக்காரர்கள் பயத்தை விற்கிறார்கள், நாம் எடையை வாங்குகிறோம், அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

*

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊட்னடாட்டா டிராக் என்பது தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீ என்ற ஊரிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 600 கிலோமீட்டர் போகும் மண்சாலை. பழைய கான் ரயில் தடத்தை ஒட்டியே போகும். அந்த ரயில் போனது பெரும்பாலும் ஒட்டகக்காரர்களின் வழியில். அந்த வழி உண்டானது அரபானா மக்கள் காலங்காலமாக நடந்த ஊற்றுக்கண்களின் வரிசையில். சாலை அகலமானது, மழை பெய்யாதவரை நல்லதும்கூட. அதன் ஒரே தொல்லை அலைகள். தகரக்கூரையைப் படுக்கப்போட்டு அதன்மேல் ஓட்டுவதுபோல, சாலை முழுக்கக் குறுக்குவாட்டில் வரிவரியாக இருக்கும். மெதுவாகப் போனால் பல் ஆடும். எண்பதில் போனால் சக்கரங்கள் அலைகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போவதால் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். ஆனால் மிதக்கிற வண்டிக்குத் தரையில் பிடிப்பு குறைவு.

மூன்றாம் நாள் மாலை. வில்லியம் கிரீக்கைத் தாண்டி வெகுநேரமாகிவிட்டது. வெயில் சாய்ந்து சாலை செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு மாடு. அந்தப் பண்ணைகளுக்கு வேலி கிடையாது. பிரேக்கை மிதித்தேன். பின்பகுதி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. திருப்பினேன், வலப்பக்கம் போனது. சாலைக்குக் குறுக்காக, வந்த திசையைப் பாதி பார்த்தபடி வண்டி நின்றது. மாடு நகரவே இல்லை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்ப்பா, இதெல்லாம் மாட்டினா வண்டி நிக்கும்னுதானே சொன்ன?" என்றாள்.

அடுத்த ஊரில் ஒரு வயதான மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் வெளியே வந்து செம்மண்ணோடு சேர்ந்து களிம்பாக இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒருமணி நேரம் கழித்தும் கை வைக்க முடியாத சூடு. எழுந்து நின்று வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கூரையைப் பார்த்தார், பின்னால் தொங்கிய இரண்டு டீசல் கேன்களைப் பார்த்தார். "வீட்டுக்குப் போனதும் இதை எடை போடு" என்றார். அவ்வளவுதான். பெரிய அறிவுரை எதுவும் இல்லை.

திரும்பி வந்ததும், புறப்பட்ட அன்று இருந்ததுபோலவே டேங்கையும் தண்ணீரையும் சாமானையும் நிரப்பி, மூவரும் ஏறி, எடைமேடைக்குப் போனோம். அன்றிரவு ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதிக் கூட்டினேன். வெறும் வண்டி 2,110. நான் மாட்டியதும் ஏற்றியதும் ஏறியதும் சேர்த்து 1,067 கிலோ வந்தது. எடைமேடைக் கணக்கில் அது 1,180. மீதி 113 கிலோ என்னவென்று இன்றுவரை தெரியாது. போல்ட், பிராக்கெட், ஒயர், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று உள்ளே போட்டவை. கல்லூரியில் இயந்திரவியல் படித்தவன் நான். ஒரு பாலத்துக்கு இந்த மாதிரிக் கணக்குப் போட்டிருந்தால் ஆசிரியர் தாளைத் தூக்கி முகத்தில் எறிந்திருப்பார்.

*

சஸ்பென்ஷன் என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அசைவை அடக்குகிறது. அசைவை அடக்குவது என்றால் அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே தள்ளப்பட்டுச் சூடாகிறது. அலைச்சாலையில் இது விநாடிக்குப் பலமுறை, மணிக்கணக்காக நடக்கிறது. எடை கூடினால் அடக்கவேண்டிய ஆற்றல் கூடுகிறது, சூடு கூடுகிறது, எண்ணெய் நீர்த்து நுரைக்கிறது, ஒரு கட்டத்தில் ஷாக் அப்சார்பர் வெறும் குழாயாகிவிடுகிறது. அதற்குப்பின் சக்கரம் தரையில் இருக்கிற நேரத்தைவிடக் காற்றில் இருக்கிற நேரம் அதிகம். காற்றில் இருக்கிற சக்கரத்துக்கு பிரேக் பிடித்து என்ன பயன்?

கடையில் விற்கப்படுவது பெரும்பாலும் முதல் வேலைக்கான பதில்: கனத்த ஸ்பிரிங். அதோடு உயரம். இந்த 50 மில்லிமீட்டர்மீது நமக்கிருக்கிற காதலைப் பற்றிச் சொல்லவேண்டும். வண்டியின் வயிறு உயர்ந்தால் கல்லில் இடிக்காது என்பது உண்மை. ஆனால் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் இன்றைய வண்டிகளில், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி உயர்த்தினால் சக்கரம் அசையும் மொத்தத் தூரம் கூடுவதில்லை. மேலே போவதற்கு இடம் கூடுகிறது. கீழே இறங்குவதற்கான இடம் அதே அளவு குறைகிறது. பள்ளம் வரும்போது சக்கரம் இறங்கித் தரையைத் தொடவேண்டும், அந்த இடத்தைத்தான் காசு கொடுத்து இழக்கிறோம். டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி இணைப்புகள் சீக்கிரம் தேய்கின்றன. எடையின் மையம் மேலே போகிறது. அதற்கும் மேலே கூரைக்கூடாரம் 65 கிலோ.

நான் வாங்கிய லீஃப் ஸ்பிரிங் 'நிரந்தரமாக 300 கிலோ சுமை' இருக்கும் வண்டிக்கானது. நிரந்தரமாக எங்கே இருக்கிறது சுமை? வருடத்தில் 340 நாள் நான் தனியாக ஆபீசுக்குப் போகிறேன். அந்த நாட்களில் வண்டியின் பின்பகுதி ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிரை மாதிரி உதைக்கும். உயரத்தால் ஆபீஸ் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் நுழைய முடியவில்லை. 25 நாள் பயணத்துக்காக 340 நாள் தெருவில் நிறுத்துகிறேன்.

அடுத்தது ஏர்பேக். பின்பக்கம் தாழ்ந்தால் காற்றடித்து நிமிர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். நிமிர்ந்தது. இந்த வகைப் பிக்கப்பில் லீஃப் ஸ்பிரிங் தன் இரண்டு முனைகளில் சேஸிஸைப் பிடிக்கும், சுமை இரண்டு இடங்களுக்குப் பிரியும். நடுவில் ஏர்பேக்கைச் செருகி ஊதினால் சுமையின் ஒரு பங்கு அந்த ஒரே புள்ளியில் ஏறுகிறது. அதற்குப் பின்னால் சாமான் கனமாகத் தொங்கினால், கேபினுக்கும் தொட்டிக்கும் இடையில் சேஸிஸ் வளையும். வாழைப்பழம் மாதிரி நடுவில் வளைந்த பிக்கப்புகளின் படங்கள் இங்கே நான்கு சக்கரக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பார்த்துச் சிரித்துவிட்டு நம் ஏர்பேக்குக்குக் காற்றடிக்கப் போவோம். தாழ்ந்த பின்பகுதி 'சுமை அதிகம்' என்று வண்டி நமக்குச் சொன்ன சேதி. அந்த வாயை அடைக்கத்தான் காற்று.

இதற்கெல்லாம் சட்டபூர்வமான வழி ஜி.வி.எம். அப்கிரேட். சான்றளிக்கப்பட்ட ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தொகுப்பைப் போட்டால் அந்த 3,050ஐ உயர்த்தி வேறு தகடு ஒட்டித் தருவார்கள். ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன், அதற்கென்று சோதனைகள் உண்டு, தேவைப்படுகிறவர்களுக்கு அதுவே சரி. ஆனால் பெரும்பாலான தொகுப்புகளில் சேஸிஸ் அதேதான், சக்கரத்தின் பேரிங் அதேதான், பின் அச்சின் உறை அதேதான். கதவில் எண் மாறிய மறுநாள் நாம் செய்வது என்ன? "இன்னும் 300 கிலோ இடமிருக்கு" என்று இன்னொரு பேட்டரி வாங்குகிறோம். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தால் நிரல் எழுதுகிறவர்கள் அடுத்த மாதமே அதையும் தின்றுவிடுவார்கள் என்பதை நேரில் பார்க்கிறவன். வண்டிக்கு வந்தபோது எனக்கு அது தோன்றவில்லை.

*

இனி டீசல். இதில்தான் எங்கள் ஆட்கள் மிகவும் உணர்ச்சிவசப்படுவார்கள். "நடுக்காட்டில டீசல் தீர்ந்துட்டா என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாமே.

ஊட்னடாட்டா டிராக்கில் மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா என்று நான்கு இடங்களில் டீசல் கிடைக்கும். எந்த இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். என் பழைய 80 லிட்டர் டேங்க், நூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்று லிட்டர் என்றால் 600 கிலோமீட்டர் போகும். அதாவது அந்தச் சாலை முழுவதையும் ஒரே டேங்கில் ஒட்டி உரசிக் கடந்திருக்கலாம். நடுவில் ஒருமுறை நிரப்பினால் கவலையே இல்லை. அந்தப் பயணத்துக்குத்தான் 140 லிட்டர் டேங்கும், பின்னால் இரண்டு கேன்களில் 40 லிட்டரும் கொண்டுபோனேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்டனிலிருந்து உலுரு பக்கம் போகும் கிரேட் சென்ட்ரல் ரோடும் இப்படித்தான். மிக நீண்ட இடைவெளி 300 கிலோமீட்டரை ஒட்டி வரும். சிம்சன் பாலைவனம் கொஞ்சம் வேறு. மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில்வரை 550 கிலோமீட்டருக்கு ஒன்றுமே கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். மணலில் டீசல் குடிக்கும். நூறுக்கு இருபது லிட்டர் என்று வைத்தால் 110 லிட்டர், மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 147. இங்கே விற்ற 150 வரிசை டீசல் பிராடோவில் தொழிற்சாலையிலிருந்தே இரண்டு டேங்க் சேர்த்து 150 லிட்டர் வந்தது. அதை வைத்திருந்துகொண்டு மூன்றாவது டேங்க் பற்றி விசாரிக்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். என் மாதிரி 80 லிட்டர்காரன் சிம்சன் போனால் நான்கு கேன்கள் வேண்டும், உண்மைதான். ஆனால் கேன் என்பது பயணம் முடிந்ததும் இறக்கி வைக்கக்கூடியது.

பெரிய டேங்க் கட்டாயம் தேவைப்படுகிற சாலை இருக்கிறதா? இருக்கிறது. கேனிங் ஸ்டாக் ரூட், வில்லுனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக்வரை ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். வில்லுனாவை விட்டால் குனவரிட்ஜி என்ற பழங்குடி ஊரில்தான் டீசல், கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் தள்ளி. அங்கே போகிறவன் 200 லிட்டருக்கு மேல் சுமக்கத்தான் வேண்டும். அவனோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, வாழ்நாளில் அந்தப் பக்கமே போகப்போகாத நூறு பேர் அந்த ஒருவனுக்கான டேங்கைச் சுமந்துகொண்டு கடற்கரைக்கும் காய்கறிக் கடைக்கும் போவதோடுதான்.

டேங்கின் எடையை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.84 கிலோ, நூறு லிட்டர் என்றால் 84. வேகன் வகை வண்டிகளில் கூடுதல் டேங்க் பெரும்பாலும் பின் அச்சுக்குப் பின்னால், ஸ்பேர் டயர் இருந்த இடத்தில் போய் உட்காரும். ஸ்பேர் டயருக்கு இடம் வேண்டும். அதற்காகப் பின்னால் இரும்பு பம்பரும் அதில் ஒரு கதவு மாதிரி திறக்கும் தாங்கியும். தாங்கி இருக்கிறதே என்று மறுபக்கத்தில் இன்னொரு தாங்கி, அதில் ஜெர்ரி கேன். இதெல்லாம் சக்கரத்துக்கு வெளியே தொங்குகிற எடை. இரு அச்சுக்கும் இடையில் 2.8 மீட்டர், பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சில் 139 கிலோ ஏறும், முன் அச்சில் 39 கிலோ இறங்கும். பத்தாம் வகுப்பு நெம்புகோல் கணக்கு. முன்சக்கரம்தான் திருப்புகிறது, பிரேக்கில் பெரும்பங்கு வேலையும் அதனுடையதுதான். அதன்மேலிருந்து எடையைப் பிடுங்கிப் பின்னால் போடுகிறோம். பிறகு பின்பகுதி தாழ்ந்துவிட்டது என்று ஸ்பிரிங் வாங்கப் போகிறோம்.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். எந்த ஒரு இறகும் குற்றவாளி இல்லை என்பதுதான் அந்த உவமையின் கொடுமை. என் 1,180 கிலோவிலும் எந்த ஒரு பொருளையும் காட்டி, 'இதுதான்' என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

*

இந்தக் காரணங்கள் எங்கிருந்து வருகின்றன? 'ரிமோட்' என்ற சொல்லிலிருந்து. இங்கே அந்தச் சொல் இல்லாமல் ஒரு வண்டி விளம்பரமும் இல்லை. ஆளில்லாத செம்மண், ஒற்றை வண்டி, மேலே டிரோன். யாருக்கு ரிமோட்?

சிம்சன் பாலைவனத்தின் மேடுகளுக்கு நடுவே மிக்கிரி எனப்படும் கிணறுகளை நம்பி வாங்கங்குரு மக்கள் குழந்தை குட்டிகளோடு வாழ்ந்தார்கள். அவர்களில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1900 வாக்கில். அவர்களுக்கு அது ஊர். 1936இல் டெட் கோல்சன் ஒட்டகங்களோடு அதைக் கடந்து 'கடந்த முதல் வெள்ளையர்' ஆனார். 1962இல் ரெக் ஸ்பிரிக் என்ற புவியியலாளர் மனைவி கிரிசெல்டாவையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு நிஸான் பேட்ரோலில் கடந்தார், மோட்டார் வண்டியில் அதுதான் முதல் முறை. அந்தக் கால பேட்ரோலின் சஸ்பென்ஷனை இன்று எங்கள் குழுவில் படம் போட்டால், "இதை வெச்சுக்கிட்டு டவுனுக்குள்ளகூட போகாத" என்பார்கள்.

அதற்கும் முன்னால் டாம் குரூஸ். நடிகர் இல்லை, தபால்காரர். பேர்ட்ஸ்வில் டிராக்கில் மாரீயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தபாலும் சாமானும் கொண்டுபோனவர். 1954இல் வந்த 'தி பேக் ஆஃப் பியாண்ட்' ஆவணப்படத்தில் அவரைப் பார்க்கலாம். அவருடைய லாரி லேலண்ட் பாட்ஜர், நம் எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் ஒட்டியிருக்கும் அதே லேலண்ட். மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு முன்னால் இரும்புத் தகடுகளைப் போட்டு ஏற்றுவார். எங்கே சிக்குவோம், சிக்கினால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் அந்தத் தெரிதலுக்குப் பதிலாகப் பொருளை வாங்குகிறோம்.

2001இல் ஏபிசி தொலைக்காட்சியில் 'புஷ் மெக்கானிக்ஸ்' என்று ஒரு தொடர் வந்தது. யுவெண்டுமு என்ற ஊரின் வால்பிரி மக்கள் எடுத்தது. காற்றுப்போன டயருக்குள் ஸ்பினிஃபெக்ஸ் புல்லைத் திணித்து ஓட்டிப் போவார்கள். அதில் வந்த ஹோல்டன் கார் இப்போது கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து, 'ஆகா, ஏழ்மையிலும் என்ன சாமர்த்தியம்' என்று உருகுவதற்காகச் சொல்லவில்லை. நல்ல வண்டியும் நல்ல சாலையும் அவர்களுக்கும் வேண்டும். நான் சொல்வது வேறு. 27,000 டாலர் செலவழித்து ஒரு மண்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே பழைய ஃபால்கன் காரில் பாட்டி, பேரன், நாய் சகிதம் ஒரு குடும்பம் கையசைத்துவிட்டுப் போகிறது. அவர்கள் கடைக்குப் போகிறார்கள். நாம் 'எக்ஸ்பெடிஷன்' போகிறோம். அந்த நிமிடம் கொஞ்சம் வெட்கமாக இருக்கவேண்டாமா? எனக்கு இருந்தது. உடனே அதை மறக்க ரேடியோவைத் திருகினேன்.

பெரிய டேங்கில் இன்னொரு பெருமையும் உண்டு: "அங்கெல்லாம் அநியாய விலை ப்ரோ. நான் ஒரு லிட்டர்கூடப் போடல." அந்த விலை ஏன் அப்படி என்று நினைத்துப் பார்க்கலாம். டீசல் அங்கே முளைப்பதில்லை, லாரியில் பல நூறு கிலோமீட்டர் போகிறது. கிரேட் சென்ட்ரல் ரோட்டின் சாலையோரக் கடைகளில் சாதாரண பெட்ரோலுக்குப் பதில் ஓப்பல் என்ற பெட்ரோல் விற்கிறார்கள். பெட்ரோலை முகர்ந்து முகர்ந்து சிறுவர்கள் சீரழிந்ததால், அந்தப் போதை தரும் பொருட்களைக் குறைத்து 2005இல் கொண்டுவந்தது. எரிபொருள் என்ற சொல்லுக்கே அங்கே வேறொரு வரலாறு இருக்கிறது. அந்தக் கடைகளில் சில அந்த மக்களுக்கே சொந்தமானவை. அந்தச் சாலையில் போக அவர்களிடம் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். அவர்கள் நிலத்தில் ஓட்டி, அவர்கள் பொழுதுசாயும் வானத்தைப் படம்பிடித்து, ஒரு காசு செலவழிக்காமல் வெளியே வந்துவிடுவதுதான் 'தற்சார்பு' என்றால், அந்தத் தற்சார்பு எனக்கு வேண்டாம்.

*

எதிர்வாதம் தெரியும். "பாலைவனத்துல ஆளுங்க செத்திருக்காங்க. குடும்பத்தோட போறவன் ரிஸ்க் எடுக்க முடியுமா?" செத்திருக்கிறார்கள், உண்மை. அதனால்தான் சிம்சன் பூங்காவைக் கோடைக்காலத்தில், டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுவரை, மூடியே வைக்கிறார்கள். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரைகளைக் கேளுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதே. தண்ணீர் வை. சாட்டிலைட் போனோ அவசர பீக்கனோ வை. எந்த வழியில் போகிறாய், என்றைக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. இதில் எதுவும் வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தச் சொல்லவில்லை. கையளவு பீக்கன் அரைக்கிலோகூட இருக்காது. நான் விஞ்ச் வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் பீக்கன் வாங்கினேன். பீக்கனைப் படம்பிடித்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்?

இன்னும் ஒன்று. டயர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். அலைச்சாலையில் 40 பி.எஸ்.ஐ.யை 26க்கு இறக்கி, வேகத்தையும் குறைத்தால் ஷாக் அப்சார்பருக்குப் போகும் அடி வெகுவாகக் குறையும். செலவு ஒன்றுமில்லை, ஐந்து நிமிடம். அன்று மாலை என் டயர்களில் 40 இருந்தது. "தார்ரோடு வந்ததும் திரும்ப அடிக்கணுமே" என்ற சோம்பல். பொருள் வாங்க நான்கு மாத வார இறுதிகளைக் கொடுத்தவனுக்குக் காற்றைத் திறந்துவிட ஐந்து நிமிடம் இல்லை.

கடைகளை மட்டும் திட்டி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எனக்கு மாட்டிக்கொடுத்த கடைக்காரர், நான் என்னவெல்லாம் ஏற்றப்போகிறேன் என்று கேட்கவில்லை, அது அவர் தவறு. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? குறைத்துத்தான் சொல்லியிருப்பேன். எங்களுக்கு, அதாவது படித்து, வேலை கிடைத்து, கடல் தாண்டி வந்து, எதையும் முன்யோசனையோடு செய்தே பழகிவிட்டவர்களுக்கு, ஆபத்து என்பது வாங்கித் தீர்க்கவேண்டிய ஒன்று. பள்ளிக்கு டியூஷன், விசாவுக்கு வக்கீல், பாலைவனத்துக்கு சஸ்பென்ஷன். அப்பா முப்பது வருடம் ஒரே பஜாஜ் ஸ்கூட்டரில் எங்கள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். அதைப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த மேட்டில் யாரை இறக்கி நடக்கவிடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் அந்த வண்டியின் வலியை அறிந்திருந்தார். நான் என் வண்டியின் படத்தைத்தான் அறிந்திருந்தேன்.

இப்போது என்ன செய்திருக்கிறேன்? கூரைக்கூடாரத்தை விற்றுவிட்டுத் தரையில் போடும் கூடாரத்துக்கு வந்துவிட்டோம். மகளுக்கு அதுதான் பிடிக்கிறது, எறும்பு பார்க்கலாமாம். விஞ்ச் போய்விட்டது. மண்வாரி ஒன்று, மணலில் போடும் பிளாஸ்டிக் பலகை இரண்டு. ஏர்பேக்கை எடுத்துவிட்டேன். கனத்த லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றி மிதமான ஒன்றைப் போட்டேன். ஷாக் அப்சார்பரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, எண்ணெய் அதிகம் கொள்ளும் தடித்த குழாய் உள்ளது. மாற்றமே கூடாது என்பது என் கட்சி இல்லை. எடையைத் தெரிந்துகொண்டு, போகிற சாலையைத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் மாற்று. 140 லிட்டர் டேங்கைக் கழற்றுவது மறுபடி செலவு, அதனால் இருக்கிறது. பாதிதான் நிரப்புகிறேன். மூவரும் ஏறி, தண்ணீரும் சாமானும் வைத்துப் போன மாதம் எடை போட்டேன். 2,870.

கூரைக்கூடாரத்தை வாங்கியவர் எங்கள் குழுவிலேயே இருக்கும் ஒரு தம்பி. வந்து மாட்டிக்கொண்டு போனார். அவர் வண்டியில் ஏற்கெனவே பெரிய டேங்க், பின்னால் இரண்டு டயர். "எங்கே போறீங்க?" என்று கேட்டேன். "இன்னும் முடிவு பண்ணலண்ணா. முதல்ல பில்ட் முடியட்டும்" என்றார். எடைமேடை எங்கே இருக்கிறது என்று விலாசத்தை அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. அவர் போகவில்லை என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையை அவருக்குத்தான் முதலில் அனுப்பப்போகிறேன்.